சியர்ஸ் கோபுரம் ஏன் படிப்படியாக மெலிகிறது?

சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு அலுமினியமும் கண்ணாடியும் போர்த்திய கட்டடம். அடியில் அகலமான சதுரமாகத் தொடங்கும். மேலே போகப்போக ஒரு மூலை நின்றுவிடும், பிறகு இன்னொன்று. கடைசியில் ஒல்லியான ஒரு துண்டு மட்டும் வானத்துக்குப் போகும். 2009 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் வில்லிஸ் டவர். உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். உயரம் 442 மீட்டர், மாடிகள் 110. 1973இல் உச்சியை எட்டியபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் எழும்வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தப் பட்டம் அதனிடமே இருந்தது.

அந்தப் படிகளுக்குப் பின்னால் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, சியர்ஸ் நிறுவனத்தின் இடக் கணக்கு. மற்றது காற்றின் கணக்கு. இரண்டுக்கும் ஒரே வடிவத்தில் விடை கண்டதால்தான் இந்தக் கட்டடத்தை இருபதாம் நூற்றாண்டின் மிகத் தெளிவான பொறியியல் சிந்தனைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

முதலில் காற்று. உயரமான கட்டடம் என்றதும் எல்லோருக்கும் எடைதான் நினைவுக்கு வருகிறது. எடை அவ்வளவு பெரிய எதிரி இல்லை. மாடிகளை இரட்டிப்பாக்கினால் அடித் தூண்கள் சுமக்கும் பாரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தூணைப் பருமனாக்கிச் சமாளித்துவிடலாம். காற்று வேறு மாதிரி. தரையில் ஊன்றிய கம்பத்தின்மேல் அடிமுதல் நுனிவரை ஒரே சீராகக் காற்று அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தை இரண்டு மடங்கு உயரமாக்கினால், அடியில் அதை முறிக்கப் பார்க்கும் திருப்புவிசை 4 மடங்காகும். நுனி சாயும் தூரமோ 16 மடங்காகும். மேலே போகப்போகக் காற்றின் வேகமும் கூடுவதால் உண்மை நிலை இதைவிடக் கடுமை. ஆகவே ஓர் உயரத்துக்கு மேல், எடையைத் தாங்கத் தேவையான எஃகு போதாது. சாயாமல் நிற்பதற்கென்றே தனியாக எஃகைக் கொட்டவேண்டும். அந்தக் கூடுதல் எஃகின் விலைதான் வானளாவிகளை எட்டாக் கனியாக வைத்திருந்தது.

இந்தக் கூடுதலைக் குறைப்பதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் டாக்காவிலும் பொறியியல் படித்துவிட்டு, உதவித்தொகையோடு 1952இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். 1982இல் ஜித்தாவில் இறக்கும்போது வயது 52தான். 1971இல், இந்தக் கோபுரம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், வங்காளதேச விடுதலைக்காக அமெரிக்காவில் ஆதரவும் நிதியும் திரட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். இன்று கோபுரத்தின் அடியிலுள்ள தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கானுக்கு முந்தைய வானளாவிகளில் தூண்களும் உத்திரங்களும் கட்டடத்தின் வயிறு முழுக்கப் பரவியிருந்தன. 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் அப்படிப்பட்டது. பலம் இருந்தது, ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. வளைவதை எதிர்க்கும் வேலையில், நடுவில் இருக்கும் எஃகைவிட விளிம்பில் இருக்கும் எஃகு பல மடங்கு பயன்படும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் புயலில் நிற்கிறதே, அதே காரணம்தான். கான் தூண்களை வெளிச்சுவருக்குக் கொண்டுபோய் நெருக்கமாக நிறுத்தி, ஆழமான உத்திரங்களால் இறுக்கமாக இணைத்தார். நான்கு சுவர்களும் சேர்ந்து, ஜன்னல் துளைகள் போட்ட ஒரு பெரிய சதுரக் குழாய்போல ஆகிவிட்டன. 1960களின் நடுவில் சிகாகோவில் எழுந்த 43 மாடி டிவிட்-செஸ்ட்நட் குடியிருப்பு இந்த முறையில் வந்த முதல் கட்டடம்.

குழாய் முறையில் ஒரு குறை இருந்தது. சியர்ஸ் கோபுரத்தின் வடிவம் பிறந்ததே அந்தக் குறையிலிருந்துதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தெற்கிலிருந்து காற்று அடிக்கிறது என்று கொள்வோம். கட்டடம் வடக்கே சாயப் பார்க்கும். தெற்குச் சுவரின் தூண்கள் இழுபடும், வடக்குச் சுவரின் தூண்கள் அமுங்கும். இந்த இழுப்பையும் அமுக்கத்தையும் ஒன்றோடொன்று பிணைப்பவை, காற்றின் திசையிலேயே நிற்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். அவை தெற்குச் சுவரை மூலையில்தான் தொடுகின்றன. எனவே விசை மூலைத் தூணில் நுழைந்து, உத்திரம் வழியாக அடுத்த தூணுக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் கைமாறிப் போகவேண்டும். ஒவ்வொரு உத்திரமும் சற்றே வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் விசை குறையும். சுவரின் நடுத் தூண்களுக்கு வந்து சேர்வது சொற்பம். மூலைத் தூண்கள் அளவுக்கு மீறிச் சுமக்க, நடுத் தூண்கள் பாதி சும்மா நிற்கும். சுவர் அகலமாக ஆக இந்த விரயமும் பெருகும்.

சியர்ஸ் கோபுரத்தின் அடிச்சுவர் ஒவ்வொன்றும் 225 அடி, அதாவது ஏறக்குறைய 69 மீட்டர். இவ்வளவு அகலத்துக்கு ஒற்றைக் குழாய் போட்டால் நடுத் தூண்கள் பெயருக்குத்தான் இருக்கும். கானின் விடை எளிமையானது: குழாயின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு தூண் வரிசைகளை ஓட்டினார். பெரிய சதுரம், 75 அடிப் பக்கமுள்ள 9 சிறிய சதுரங்களாகப் பிரிந்தது. இப்போது காற்றின் விசை தெற்குச் சுவருக்குள் இரண்டு மூலைகளில் மட்டுமல்லாமல், இடையிலும் இரண்டு இடங்களில் நுழைகிறது. நடுத் தூண்களுக்கும் வேலை கிடைத்தது. ஒன்பது குழாய்களும் அடுத்தடுத்த சுவர்களைப் பகிர்ந்துகொண்டு ஒரே கட்டாக நிற்கின்றன.

கட்டடக்கலைஞர் புரூஸ் கிரகாம், கானோடு மதிய உணவில் இருந்தபோது ஒரு கைப்பிடி சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, உயரம் முன்னும் பின்னுமாக இருக்கும்படி நகர்த்தி, 'இது நிற்குமா?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்தக் கைப்பிடியில்தான் இடக் கணக்குக்கும் விடை இருந்தது.

சியர்ஸ் அப்போது உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம். நகரெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர, பரந்த மாடிகள் வேண்டும் என்றது. மேல்மாடிகளை வாடகைக்கு விட எண்ணியது. வாடகைக்கு வரும் சிறு நிறுவனங்களுக்கோ சிறிய மாடிகள்தான் தோது. குழாய்கள் தனித்தனியே பலமுள்ளவை என்பதால், எதை வேண்டுமானாலும் எந்த உயரத்திலும் நிறுத்தலாம். ஒன்பதும் 50ஆம் மாடிவரை போகின்றன. எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு அங்கே நிற்கின்றன. மற்ற இரண்டு மூலைகள் 66இல். இன்னும் மூன்று 90இல். மிஞ்சும் இரண்டே உச்சிக்குப் போகின்றன. எந்திரங்கள் இருக்கும் மாடிகளில் கட்டடத்தைச் சுற்றி எஃகுச் சட்டங்களாலான பட்டைகள் ஓடி எல்லாக் குழாய்களையும் இறுக்கிப் பிடிக்கின்றன. அவற்றில் இரண்டு, 66, 90ஆம் மாடிப் படிகளுக்கு நேர் கீழே இருப்பது தற்செயல் அல்ல. ஒரு குழாய் முடியும் இடத்தில் அதன் சுமையை அண்டை குழாய்களுக்குப் பகிர்ந்து தருவது அவைதான்.

படிகளால் இன்னொரு நன்மையும் உண்டு. காற்று ஒரு கட்டடத்தைக் கடக்கும்போது அதன் இரு பக்கங்களிலும் சுழல்கள் மாறிமாறிப் பிறந்து பிரிந்து போகும். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். ஒவ்வொன்றும் கட்டடத்தைப் பக்கவாட்டில் லேசாக இழுக்கும். இந்த இழுப்பின் தாளமும் கட்டடம் இயல்பாக ஆடும் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். சுழலின் தாளத்தைத் தீர்மானிப்பவை காற்றின் வேகமும் கட்டடத்தின் அகலமும். அடிமுதல் நுனிவரை ஒரே அகலமாக இருந்தால் எல்லா மாடிகளிலும் சுழல்கள் ஒத்த தாளத்தில் இழுக்கும். அகலம் மூன்று முறை மாறினால் ஒவ்வொரு பகுதியிலும் தாளம் வேறாகி, ஒன்றையொன்று குலைத்துவிடும்.

எவ்வளவுதான் செய்தாலும் ஆட்டம் முற்றிலும் நிற்காது, நிற்கவும் தேவையில்லை. உச்சி சராசரியாக 15 சென்டிமீட்டர் அளவு அசைகிறது. கட்டடம் தாங்கிவிடும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவர் தாங்குவாரா என்பதே கேள்வி. இதே நகரில் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தை வடிவமைத்தபோது, அசையும் மேடையில் மனிதர்களை நிறுத்தி, எவ்வளவு அசைவை அவர்கள் உணர்கிறார்கள் என்று கான் சோதித்துப் பார்த்தார். சூத்திரங்களில் மூழ்கிய பொறியாளர் ஒருவர், மாடியில் இருக்கப்போகும் மனிதரின் வயிற்றைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பலன் எஃகின் அளவில் தெரிகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்துக்கும் சுமார் 206 கிலோ எஃகு போயிருக்கிறது. அதைவிட 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த சியர்ஸ் கோபுரத்தில் சுமார் 161 கிலோதான்.

கட்டிய விதமும் கெட்டிக்காரத்தனமானது. உயரத்தில், காற்றில், குளிரில் வெல்டிங் செய்வது ஆபத்து, தரமும் கிடைக்காது. ஆகவே இரண்டு மாடி உயரத் தூண் ஒன்றும், அதன் இருபுறமும் நீளும் பாதி உத்திரங்களும் சேர்ந்த துண்டுகளைப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து கொண்டுவந்தார்கள். கிரேன் தூக்கி வைத்ததும் அடுத்தடுத்த துண்டுகளின் பாதி உத்திரங்களை நடுவில் போல்ட் போட்டு முடுக்கினால் போதும். உத்திரத்தின் நடுவில்தான் காற்றால் வரும் வளைவு மிகக் குறைவு. இணைப்பை அங்கே வைத்ததன் காரணம் அதுதான். ஒவ்வொரு குழாயின் உள்ளேயும் 75 அடி அகலத்துக்குத் தூணே கிடையாது. தளத்தை நீண்ட எஃகு ட்ரஸ்கள் தாங்குகின்றன. ஒரே சுவர்களில் பாரம் குவியாமலிருக்க, ஆறு மாடிக்கு ஒருமுறை அந்த ட்ரஸ்களின் திசையை மாற்றிப் போட்டார்கள்.

அடித்தளத்தில் புதுமை குறைவு. சிகாகோவின் மண் மேலே இளகிய களி. கீழே சுண்ணாம்புப் பாறை. களியைத் துளைத்துப் பாறைவரை கான்கிரீட் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். லிஃப்டுகள் நூறுக்கு மேல். நடு மாடிகளில் இறங்கி மாறும் ஏற்பாடு இருப்பதால், எல்லா லிஃப்டும் அடியிலிருந்து உச்சிவரை ஓடி இடத்தைத் தின்பதில்லை.

உயரத்தில் காற்றை இவ்வளவு நுட்பமாகக் கையாண்டவர்கள் தரையில் கோட்டை விட்டார்கள். உயரமான சுவரில் மோதும் காற்றின் ஒரு பகுதி கீழ்நோக்கி வழிந்து தெருவில் பாயும். கோபுரத்தைச் சுற்றி அமைத்த கிரானைட் முற்றம் வெறிச்சோடிக் காற்று வீசும் இடமாக இருந்தது. நடந்து வருபவர்களுக்கு வாசல் எது என்றே தெரியவில்லை. 1980களில் வளைவான கண்ணாடி முகப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அண்மை ஆண்டுகளில் அடிப்பகுதி முழுவதையும் சில மாடி உயரக் கடைகளும் உணவகங்களும் கொண்ட கட்டுமானத்தால் சூழ்ந்துவிட்டார்கள். இதற்கிடையே, தான் எதிர்பார்த்த வளர்ச்சி வராமல், 1990களிலேயே சியர்ஸ் நிறுவனம் புறநகருக்குக் கிளம்பிவிட்டது.

படிகளால் காற்றைக் குலைக்கும் உத்தி மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. 2010இல் திறந்த துபாயின் புர்ஜ் கலீஃபாவையும் அதே ஸ்கிட்மோர் நிறுவனம்தான் வடிவமைத்தது. 828 மீட்டர். பெரும்பகுதி கான்கிரீட், கானின் ஒன்பது குழாய்கள் அங்கே இல்லை. நடுவில் ஒரு அறுகோண மையம், அதற்கு முட்டுக்கொடுக்கும் மூன்று சிறகுகள். ஆனால் சிறகுகள் ஒரு சுழற்சியில், ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் பின்வாங்கிக்கொண்டே போகின்றன. எந்த இரண்டு பகுதியிலும் காற்றுக்கு ஒரே அகலம் கிடைக்காதபடி.