கயிற்றுக்கு எண்ணெய் வேண்டாம்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் வண்டி வாகனங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்த மாலையில், திருச்சியிலிருந்து 141 பேருடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 வானிலேயே வட்டமடிக்கத் தொடங்கியது. ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது.

அந்த விமானத்தில் விமானியின் கைக்கு எண்ணெய் அழுத்தம் துணை நிற்கிறது. நாலு பேர் உட்காரும் செஸ்னா 172-இல் அந்தத் துணை கிடையாது. இறக்கையின் ஏலரான், வாலில் உள்ள எலிவேட்டர், ரடர் ஆகிய அசையும் பலகைகள் எல்லாம் விமானியின் கைகால் பலத்தில்தான் அசைகின்றன. நடுவில் இருப்பவை எஃகுக் கயிறு, கப்பி, நெம்புகோல், கீல்.

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் உடனே எண்ணெய் விட்டுப் பழகியவர்கள் நாம். செஸ்னாவின் கையேடு அப்படி விடச் சொல்வதில்லை. கீல்களுக்கும் மூடியில்லாத பேரிங்குகளுக்கும் ஆயிரம் பறப்பு மணிக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் அதற்கு முன்பே, மசகு எண்ணெய். நீளமான பியானோ கீல்களுக்கு கிராஃபைட் பொடி. மூடிய பேரிங்குக்கு ஒன்றும் வேண்டாம். கயிற்றையோ சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்! எண்ணெய்ப் பசையில் புழுதி குழைந்தால் அதுவே கயிற்றையும் கப்பியையும் அரைத்துவிடும். கடலோரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே உப்புக்காற்றின் துரு புழுதியைவிடப் பெரிய எதிரி. ஆகவே சென்னைக் கடற்கரையோரம் நிற்கும் விமானத்துக்குப் பொருந்துவது திருச்சிப் புழுதிக்குப் பொருந்தாது.

துடைக்கும் துணிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி அங்கே மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும். கயிற்றின் விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். அளக்கும்போது வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும்: அலுமினிய உடல் எஃகுக் கயிற்றைவிட அதிகம் விரிவதால், சித்திரை வெயிலில் கயிறு தானாகவே இறுகும்.

கிரீஸ்தானே என்று அலட்சியம் காட்டினால் என்ன ஆகும்? 2000 ஜனவரி 31-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261-ஆம் எண் விமானம் கலிஃபோர்னியாவுக்கு அருகே கடலில் விழுந்தது. 88 பேரும் இறந்தார்கள். வால் இறக்கையின் சாய்வை மாற்றும் திருகுத்தண்டில் கிரீஸ் போதாமல், அதைப் பிடித்திருந்த நட்டின் மரைகள் தேய்ந்து உரிந்துபோயிருந்தன. செஸ்னாவின் எலிவேட்டரைச் சமன்செய்யும் டிரிம் அமைப்பிலும் சிறிய திருகுத்தண்டு ஒன்று உண்டு. ஆண்டுச் சோதனையில் அவசரப்படக் கூடாத இடம் அது.

கழற்றிய கயிற்றைத் திரும்ப மாட்டும்போது இடம்வலம் மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் இந்திய விதிகளின்படி கட்டுப்பாட்டு உறுப்புகளில் கைவைத்தால், இரண்டாவதாக ஒருவரும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகும் விமானி தானே பார்த்துக்கொள்வது நல்லது: ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும், வலது ஏலரான் கீழே இறங்க வேண்டும். மாறி நடந்தால் அன்றைக்கு அந்த விமானம் ஹேங்கரை விட்டு நகரக் கூடாது.

(தொடரும்)