பியானோவுக்கு ஏன் ஜலதோஷம் பிடிக்கிறது?

ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 18 டன்னைத் தொடும். கணக்குப் போட்டால், ஒவ்வொரு கம்பியிலும் நடுத்தர சைஸ் ஆசாமி ஒருத்தர் ராத்திரி பகலாகத் தொங்கிக் கொண்டிருக்கிறார்! ‘அப்புறம் சுருதி இறங்காமல் என்ன செய்யும்?’ என்பீர்கள்.

நியாயம்தான். ஆனால், சில சமயம் ஏறுகிறதே... அதற்கென்ன சொல்கிறீர்கள்?

சிலமலையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு வந்த சிக்கல் அதுதான். ஏலக்காய் வியாபாரி. எங்கள் தேனிப் பக்கத்தில் சங்கீதப் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்தி. (பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ கற்றவராயிற்றே!) மகளுக்காகப் பழைய பியானோ ஒன்றை சென்னையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினான். சித்திரை வெயிலில் சுருதி இறங்கியது. டியூன் செய்தார்கள். ஐப்பசி மழையில் ஏறிவிட்டது. வந்து பார்த்த ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். “ஆணியெல்லாம் லூஸ் சார். கிடைச்ச விலைக்குத் தள்ளிருங்க. வேணும்னா நானே எடுத்துக்கறேன்!”

“வித்துரவாண்ணே? புள்ள அழுகுது” என்றான் போனில்.

“அவசரப்படாதப்பா. ஆணி லூஸானா கம்பி தளரும், சுருதி இறங்கும். உனக்கு ஏறியிருக்கு. கம்பி தன்னைத்தானே முறுக்கிக்குமா?”

குற்றவாளி, மரம். கம்பிகளை ஒட்டி சவுண்ட் போர்டு என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். லேசாக உப்பினாற்போல் வளைந்திருக்கும். அதன் மேல் ஒட்டிய கட்டையை அழுத்திக்கொண்டுதான் கம்பிகள் போகின்றன. மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து இன்னும் உப்பும். கட்டை எழும்பும், கம்பி விறைக்கும், சுருதி ஏறும். கோடையில் எல்லாம் தலைகீழ்.

ஏலக்காய்க்காரனுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பறித்த காயில் சுமார் 80 சதவீதம் ஈரம். உலர்த்தி 10 சதவீதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். நன்றாகக் காய்ந்ததைக் கிளறினால் கலகலவென்று சத்தம் வரும். அதையே மழை நாளில் திறந்து போட்டால் நமுத்துப் போகும். “மரமும் அப்படித்தான்” என்றேன். “அட, இம்புட்டுத்தானா!” என்றான்.

உங்களுக்கும் மூன்று சோதனைகள்:

ஒன்று: நடு ஸ்தாயி மொத்தமாக நகர்ந்து, கீழ் ஸ்தாயி அவ்வளவாக மாறவில்லையா? ஈரம்தான்.

இரண்டு: நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். அதில் ஒன்று மட்டும் இறங்கினால், 440-க்கும் 438-க்கும் சண்டை வந்து, விநாடிக்கு இரண்டு தடவை ‘வவ்... வவ்...’ என்று ஒலி ஏறி இறங்கும். டியூன் செய்த சில நாளில் அதே கம்பி மறுபடி இறங்கினால் ஆணியைச் சந்தேகப்படலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. கொஞ்சம் தடித்த ஆணி போடலாம்.

மூன்று: மொத்த பியானோவும் ஒரே சீராக இறங்கியிருந்தால், வருஷக்கணக்கில் யாரும் டியூன் செய்யவில்லை என்று அர்த்தம். (புதுக் கம்பி என்றால் முதல் வருஷம் நீளத்தான் செய்யும்.)

ஜன்னலோரம், மழைச் சாரல் படும் சுவர், ஏ.சி. காற்று, நேர் வெயில் – நாலும் ஆகாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. முள் ஐம்பதில் நிற்கிறதா என்பதைவிட, அடிக்கடி ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை தொடங்கியதுமே டியூனரைக் கூப்பிடாதீர்கள். மரம் அடங்க இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

முக்கியமாக, ‘தள்ளிருங்க’ என்று சொல்பவரே விலையும் கேட்டால், முதலில் பியானோவை அல்ல, அவரைச் சோதியுங்கள்!