எண்களுக்குள் அடங்குமா ஆய்வாளரின் உழைப்பு?

தேர்வு முடிவு வெளிவந்தால் நம் சமுதாயத்தில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதுதான். 2021ஆம் ஆண்டு கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கும் இதே கேள்விதான், எஸ்.பி.எம். தேர்வுக்கும் இதே கேள்விதான். பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் இந்த எண்ணிக்கை விளையாட்டு முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், நமக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர்களே ஆண்டுதோறும் இதுபோன்ற கேள்விகளுக்கு விடை சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். எத்தனை கட்டுரைகள் வெளியிட்டீர்கள்? எத்தனை பேர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள்? உங்கள் எச் குறியீடு எவ்வளவு?

மருத்துவ உயிரியல் படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. முதுகலை ஆய்வுக்கு நெறியாளரைத் தேடும் நண்பர்கள் பலர், கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, எண் பெரிதாக இருப்பவரை முதலிலும் சிறிதாக இருப்பவரைக் கடைசியிலும் வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு உழைப்பை ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறோம். அந்த முடிவுக்கு அடிப்படையாக இருக்கும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?

மேற்கோளை எண்ணத் தொடங்கிய கதை

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையை எழுதும்போது, தமக்கு முன் அத்துறையில் உழைத்தவர்களின் கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுகிறார். அப்பட்டியலில் ஒரு கட்டுரை இடம்பெற்றால் அதற்கு ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில், இந்த மேற்கோள்களை எல்லாம் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று எழுதினார். ஒரு கருத்து எங்கே தோன்றி எங்கே பரவியது, பின்னர் யார் அதை மறுத்தார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாகவே அதை அவர் முன்மொழிந்தார். 1960களில் அந்த அட்டவணை நூலாக வெளிவந்தது. இன்று நாம் இணையத்தில் பயன்படுத்தும் 'வெப் ஆஃப் சயன்ஸ்' அதன் வழித்தோன்றலே.

2004ஆம் ஆண்டு ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய இரண்டும் வந்து சேர்ந்தன. மருத்துவத் துறையினர் அன்றாடம் தேடும் பப்மெட், 35 மில்லியனுக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டது. ஆனால், அது கட்டுரைகளைத் தேடித் தருவதற்காக அமைந்தது. ஆய்வாளர்களை வரிசைப்படுத்துவதற்காக அன்று.

ஒருவருடைய மேற்கோள் எண்ணிக்கை இவை அனைத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்கோபசும் வெப் ஆஃப் சயன்சும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன. கூகுள் ஸ்காலரோ ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள் எனக் கண்ணில் பட்டவற்றை எல்லாம் சேர்த்துக் கொள்கிறது. எனவே பெரும்பாலும் அதில்தான் எண் பெரிதாக இருக்கும். இருவரை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே தளத்தில் ஒப்பிட வேண்டும்.

இதழுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண்

'தாக்கக் காரணி' என்பது இதழுக்குரிய எண். ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகளை வெளியிட்டதாகக் கொள்வோம். அக்கட்டுரைகள் 2024இல் 600 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், 600ஐ 200ஆல் வகுத்து வரும் 3 என்பதே அவ்விதழின் 2024ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. இது சராசரி. சராசரிக்குப் பின்னால் பல மறைந்துகொள்ளும். படிகவியல் இதழ் ஒன்றின் தாக்கக் காரணி 2008இல் ஏறக்குறைய 2ஆக இருந்தது. 2009இல் அதுவே ஏறக்குறைய 50ஆக உயர்ந்தது. காரணம், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரை. அவர் உருவாக்கிய கணினி நிரலைப் பயன்படுத்திய அனைவரும் அக்கட்டுரையைச் சுட்டினார்கள். அந்த இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே ஆண்டில் இருபத்தைந்து மடங்கு சிறந்துவிடவில்லை.

'எச் குறியீடு' என்பது ஆளுக்குரிய எண். கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் இதை அறிமுகப்படுத்தினார். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்துங்கள். 40, 22, 9, 6, 5, 3, 1 என்று வருகிறது. ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது. ஆறாவது கட்டுரைக்கு 6 இல்லை. ஆகவே அவருடைய எச் குறியீடு 5. இன்னொருவர் இரண்டே கட்டுரைகள் எழுதி, ஒன்றுக்கு 900, மற்றொன்றுக்கு 300 மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எச் குறியீடு வெறும் 2! மேலும், இந்த எண் ஒருபோதும் குறையாது. ஓய்வு பெற்றவருக்கும் ஏறிக்கொண்டே போகலாம். நேற்று முனைவர் பட்டம் பெற்றவரை முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரோடு இதைக் கொண்டு ஒப்பிடுவது, ஒன்றாம் ஆண்டு மாணவனை ஆறாம் ஆண்டு மாணவனோடு ஓடவிடுவது போன்றது.

எண் சொல்லாமல் விடுவது

மேற்கோள் எண்ணிக்கை நமக்கு எதைக் காட்டுகிறது? ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டினார்கள் என்பதை. ஏன் சுட்டினார்கள் என்பதை அது சொல்வதில்லை.

புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி 1951இல் ஆலிவர் லௌரி குழுவினர் எழுதிய கட்டுரை, 2014இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை! அதே கணக்கில், மரபணுவின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளிப்படுத்திய 1953ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் கட்டுரை முதல் நூறு இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் தினமும் கைக்கொள்ளும் செய்முறையைச் சுட்டித்தான் ஆக வேண்டும். பாடநூலில் ஏறிவிட்ட உண்மையைச் சுட்ட யாரும் மெனக்கெடுவதில்லை.

மேற்கோள் எல்லாம் பாராட்டும் அல்ல. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயத்தைக் கிளப்பி, 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 1998இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை 2010இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதைச் சுட்டியவர்களில் பெரும்பாலோர் அதை மறுப்பதற்காகவே சுட்டினர். ஆனால், கணினிக்கு மறுப்பும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான்.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1998ஆம் ஆண்டு பிற்பகுதியில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர், நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவே நிப்பா. தடுப்பு நடவடிக்கை திசை மாறியது. ஏறத்தாழ ஒரு மில்லியன் பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. இக்கண்டுபிடிப்பு 2000ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் கட்டுரையாக வந்தபோது அதில் இருபதுக்கும் மேற்பட்டோர் பெயர்கள் இருந்தன. சுவாவின் பெயர் முதலில் இருந்தது. மருத்துவ உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் கைப்பட உழைத்தவருடையது. கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்குழுத் தலைவருடையது. ஆனால், எச் குறியீடு இந்த வரிசையைப் பார்ப்பதே இல்லை. முதலில் நிற்பவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் ஒரே பங்குதான்.

காலமும் ஒரு சிக்கல். 2023இல் நோபல் பரிசு பெற்ற கத்தலின் கரிக்கோ, ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நிதி கிடைக்காத நிலையில் 1995இல் தம் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். அவரும் துரூ வைஸ்மனும் 2005இல் எழுதிய கட்டுரையின் அருமையை உலகம் முழுவதும் உணர்ந்தது 2020இல், கோவிட் தடுப்பூசி வந்தபோதுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் எண்களை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்குமா?

அளவுகோலே இலக்கானால்...

2006இல் நம் நாட்டில் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. 2010இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. கட்டுரைகளும் மேற்கோள்களும் பல்கலைக்கழக மதிப்பீட்டில் இடம்பெறுகின்றன. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால், எண்ணே இலக்காகிவிட்டால், ஒரே ஆய்வை மூன்று துண்டாக்கி வெளியிடுவதும், தம்மைத் தாமே மேற்கோள் காட்டிக்கொள்வதும், உழைக்காதவர் பெயர் கட்டுரையில் ஏறுவதும் நடக்கும். போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கூட்டங்களும் முளைத்திருக்கின்றன. ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன.

இதைவிட நமக்கு நெருக்கமான இழப்பு ஒன்று உண்டு. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்த நம் குடும்பங்களின் உணவுப் பழக்கத்தை ஒருவர் ஆராய்ந்து உள்நாட்டு இதழில் எழுதினால், உலகில் எத்தனை பேர் அதைச் சுட்டுவார்கள்? மிகச் சிலரே. ஆனால், அந்த ஆய்வு தேவைப்படுவது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு. 2015இல் வெளியான லைடன் அறிக்கை, உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வுகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதைத் தன் பத்துக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது இதனால்தான். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் உருவாக்கிய பிரகடனமும், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று வலியுறுத்துகிறது.

நம் பெயர் நம்முடையதாக

தமிழ் மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, பெயர். மேலைநாட்டு வழக்கப்படி தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயர்தான் உண்டு. கவிதா ஏ/பி முருகன் என்ற ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் கே. முருகன் ஆவார்; இன்னொன்றில் எம். கவிதா ஆவார், மற்றொன்றில் 'ஏ/பி' என்பதே முதலெழுத்தாகி ஏ. பி. முருகன் ஆகிவிடலாம். ஒருவர் மூவராகப் பிரிந்தால் மேற்கோள்களும் மூன்றாகப் பிரியும். உழைத்த மகளின் கட்டுரை, ஆய்வுக்கூடத்தையே பார்த்திராத தந்தையின் பெயரில் போய்ச் சேரும்! ஆகவே, முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும். 2012இல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பு, ஆய்வாளருக்கு 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக வழங்குகிறது. மாணவர்களும் பதிந்துகொள்ளலாம்.

நிறைவாக, நெறியாளரைத் தேடும் நண்பர்களுக்குச் சில வழிகள். எச் குறியீட்டைப் பாருங்கள். கூடவே அவர் எத்தனை ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார் என்பதையும் பாருங்கள். அவருடைய மாணவர்களின் பெயர்கள் கட்டுரைகளில் முதலிடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். மாணவரை வளர்ப்பவரா என்பதை அந்த வரிசை காட்டிக் கொடுக்கும். மீட்டுக்கொள்ளப்பட்ட கட்டுரைகள் உண்டா என்று பப்மெட்டில் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது முழுமையாகப் படியுங்கள். எண்ணைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கட்டுரையைப் படிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். மூன்று ஆண்டுகளை ஒப்படைக்கும் முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது அப்படியொன்றும் பெரிய விலை அன்று.