தங்க மீனுக்கேற்ற தரை

எங்கள் வகுப்பறைச் சன்னலோரம் உள்ள தொட்டியில் இன்று ஒரே ஒரு தங்க மீன்தான் நீந்துகிறது. சென்ற ஆண்டு இரண்டு இருந்தன. மற்றொன்று ஏன் இல்லை என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலிருந்து அவற்றை வாங்கி வந்தோம். தொட்டி அழகாயிருக்க வேண்டுமென்று பட்டாணி அளவு நீலக் கற்களை அடியில் நிரப்பினோம். மூன்றாம் வாரம் ஒரு மீன் வாயை மூட முடியாமல் தவித்தது. வாய்க்குள் ஒரு நீலக் கல்! சிஸ்டர் அதை எடுக்க எவ்வளவோ முயன்றார்கள், பயனில்லை. மறுநாள் காலை அம்மீன் இறந்து மிதந்தது. குற்றம் எங்களுடையதே.

தங்க மீன், கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீன நாட்டினர் 1000 ஆண்டுகளுக்கு முன்பே இதை வளர்க்கத் தொடங்கினர். இதற்கு இரைப்பை கிடையாது; ஆகவே நாள் முழுவதும் இரை தேடிக்கொண்டே இருக்கும். தரையிலுள்ளதை வாயில் அள்ளி, இரையை வைத்துக்கொண்டு மற்றதைத் துப்பிவிடும். நமக்கு அலங்காரமாகத் தோன்றும் தரைதான் அதற்கு உண்கலம்!

அப்படியானால் எதைப் பரப்பலாம்? எளிதில் துப்பக்கூடிய மெல்லிய ஆற்று மணல் நல்லது. அல்லது வாயில் நுழையவே முடியாத, வழுவழுப்பான பெரிய கூழாங்கற்களை இடலாம். ஆனால் கற்களின் இடுக்கில் தங்கும் உணவு அழுகி, அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றுமே பரப்பாமல் வெறும் கண்ணாடித் தரையாக விடுவதும் தவறன்று. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கூர்மையானது. மீனின் வாயைக் கிழிக்கும். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

மணலைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பிடி மணலில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது. அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும் என்று நாம் படித்ததுதானே!

ஆற்றில் அனுமதியின்றி மணல் அள்ளுவது குற்றம். ஆகவே ஒரு தோழியின் வீட்டில் கட்டட வேலைக்கு வாங்கி மீந்திருந்த ஆற்று மணலைக் கேட்டுப் பெற்றோம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள தொட்டிக்கு 1 அங்குல உயரம் பரப்ப ஏறக்குறைய 7 கிலோ போதும். சலித்து, நீர் தெளியும்வரை பத்து முறை அலசினோம், சோப்பு போடவில்லை. அதிக ஆழமாக இட்டால் அடிமணலில் காற்றுப் புகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆகையால் வாரம் ஒருமுறை மணலை மெல்லக் கிளறிவிடுகிறோம்.

இப்போது எங்கள் மீன் மணலை அள்ளுவதும் துப்புவதுமாக மகிழ்ந்து திரிகிறது. நீலக் கற்களைத் தூக்கி எறியவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டுத் தொட்டியருகே வைத்திருக்கிறோம். பிற உயிருக்கு வீடு அமைக்கும்போது நம் கண்ணைக் கேளாமல் அதன் வாயைக் கேட்க வேண்டும் என்பதை அவை நாள்தோறும் நினைவூட்டுகின்றன.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு