கல்லீரல் மாற்று: அறுவைக்குப் பிறகும் தொடரும் கணக்கு

அதிர்ச்சியான செய்தி காதில் விழுந்தால் 'ஈரக்குலை நடுங்கிவிட்டது' என்று சொல்வது நம் வழக்கம். இதயத்துக்குக் கிடைத்த பெருமை கல்லீரலுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும், உடலில் அதன் இடம் என்ன என்பதை நம் பேச்சு வழக்கு அறிந்தே வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பு, உண்ட உணவின் சத்தைச் சேமிக்கிறது, நச்சுப்பொருள்களை முறிக்கிறது, பித்தநீரைச் சுரக்கிறது, குருதி உறைவதற்கான புரதங்களை உருவாக்குகிறது. சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் செய்து ஆண்டுக்கணக்கில் உயிரைக் காக்கலாம். கல்லீரல் முற்றிலும் செயலிழந்தால் அதன் வேலையை நீண்டகாலம் செய்யவல்ல இயந்திரம் எதுவும் இன்றுவரை இல்லை. மாற்று ஒன்றே வழி.

பொருளாதாரம் கற்பித்தவன் மருத்துவம் குறித்து எழுதலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பற்றாக்குறையான ஒன்றை யாருக்கு, எந்த அடிப்படையில் பகிர்ந்தளிப்பது என்பதுதான் நான் வகுப்பறையில் காலமெல்லாம் பேசிய பொருள். விலை நிர்ணயிக்கக் கூடாத, நிர்ணயிக்கவும் முடியாத ஒரு பொருளைப் பகிர்வது எப்படி என்பதற்குக் கல்லீரலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. நெருங்கிய நண்பர் ஒருவரின் குடும்பம் இந்தச் சிகிச்சையின் ஊடாகக் கடந்துவந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மனிதருக்குக் கல்லீரலைப் பொருத்தும் முதல் முயற்சியை 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேற்கொண்டவர் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல். தொடக்க முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. 1967-இல்தான் ஓராண்டுக்கு மேல் நோயாளியை வாழவைக்க முடிந்தது. அயல் உறுப்பை உடல் நிராகரிப்பதைக் கட்டுப்படுத்தும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் வந்த பிறகே இச்சிகிச்சை பரவலானது. இந்தியாவில் 1998-ஆம் ஆண்டு, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி தில்லியில் பொருத்தப்பட்டது. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவராகவே உயர்ந்தது.

கல்லீரல் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தினர் இசைந்து தருவது. மற்றொன்று, உயிருடன் இருக்கும் உறவினர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருவது. இரண்டாவது வழி சாத்தியமாவதற்குக் காரணம், வெட்டினாலும் வளரும் ஆற்றல் கல்லீரலுக்கு இருப்பதுதான். பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடையாளரின் வலப்பகுதி எடுக்கப்படுகிறது. அது மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 60 விழுக்காடு. குழந்தைகளுக்கு இடப்புறத்தில் ஒரு சிறு பகுதியே போதும். எஞ்சிய பகுதி கொடையாளரின் உடலிலும், பொருத்தப்பட்ட பகுதி பெற்றவரின் உடலிலும் இரண்டு மூன்று மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடுகின்றன. வெட்டிய பகுதி அதே வடிவில் முளைப்பதில்லை. இருக்கும் பகுதியே பருத்துத் தேவையான அளவை எட்டுகிறது.

யாருக்கு முதலில் மாற்று தேவை என்பதை அளக்க 'மெல்ட்' என்ற மதிப்பெண் முறை உலகெங்கும் வழக்கிலுள்ளது. குருதியில் பிலிருபின், கிரியேட்டினின் ஆகியவற்றின் அளவு, குருதி உறைய ஆகும் நேரம் முதலியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. மதிப்பெண் கூடக் கூட, மாற்று இல்லாவிட்டால் உயிரிழக்கும் அபாயமும் கூடுகிறது. பணமோ பதவியோ இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. சிறுநீரக மாற்றில் பார்ப்பதுபோல் திசுப் பொருத்தம் இங்கு கட்டாயமில்லை. குருதி வகையும் கல்லீரலின் அளவும் பொருந்தினால் பெரும்பாலும் போதும்.

அறுவை சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். பழுதான கல்லீரலை முழுமையாக அகற்றிவிட்டு, அதே இடத்தில் புதியதை வைக்கிறார்கள். முதலில் கல்லீரல் சிரையும், குடலிலிருந்து குருதியைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும் இணைக்கப்படுகின்றன. அடுத்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனி. இறுதியாகப் பித்த நாளம். தமனியில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டால் புதிய கல்லீரலே வீணாகலாம் என்பதால், முதல் சில நாள்களில் ஸ்கேன் மூலம் குருதி ஓட்டத்தை அடிக்கடி சோதிக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்கள், மருத்துவமனையில் மொத்தம் இரண்டு மூன்று வாரங்கள் என்பது சிக்கலில்லாத நோயாளியின் கால அட்டவணை.

வீடு திரும்புவதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் இரண்டாம் பாதி அங்குதான் தொடங்குகிறது. நம் உடலின் காவல்படைக்கு, வந்திருப்பது உயிர்காக்கும் உறுப்பு என்பது தெரியாது. அயலான் என்றே கருதித் தாக்கும். அதைத் தடுக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் நிராகரிப்பு. கூடினால் நோய்த்தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும். ஆகவேதான் அடிக்கடி குருதிப் பரிசோதனை. முதல் சில மாதங்களில் நிராகரிப்பு தலைகாட்டுவது அரிதன்று. உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் மருந்தை மாற்றியே சரிசெய்துவிடலாம். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கைநடுக்கம் போன்ற பக்கவிளைவுகளும் வரக்கூடும்.

நண்பரின் தம்பிக்குக் கல்லீரல் தந்தவர் அவருடைய மனைவி. அறுவை முடிந்து ஓராண்டு கழித்து அவர் என்னிடம் காட்டியது ஒரு சாதாரண பள்ளி நோட்டுப் புத்தகம். காலை, இரவு மாத்திரை கொடுத்த நேரம், பரிசோதனை முடிவுகள், அன்றைய செலவு என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அதில் ஒரு செய்தி என்னை உறுத்தியது. கணவரின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் பத்தி இருந்தது. கொடையாளரான அவருடைய மறுபரிசோதனைக்குப் பத்தி இல்லை. கேட்டபோது, 'எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்றார்.

நம் நாட்டில் உயிருடன் உறுப்பு தருவோரில் பெரும்பான்மையோர் பெண்கள்; பெறுவோரில் பெரும்பான்மையோர் ஆண்கள். மனைவியும் தாயும் காட்டும் அன்பை நான் ஐயப்படவில்லை. 'குடும்பத்துக்குச் சம்பாதிப்பவர்' என்ற ஒற்றை அளவுகோல் அந்த முடிவின் பின்னால் அமைதியாக இயங்குகிறது என்பதையும் மறுக்க இயலாது. கொடையாளருக்கும் அது பெரிய அறுவைதான். அபாயம் மிகக் குறைவே என்றாலும் பூஜ்யம் அன்று. இரண்டு மூன்று மாதங்கள் கடின வேலை கூடாது. கொடையாளரைத் தனியே அமர்த்தி, உறவினர் எவருமின்றி அவருடைய விருப்பத்தைக் கேட்டறிவது வெறும் சடங்காகிவிடக் கூடாது.

பணத்தைப் பொருத்தவரை, தனியார் மருத்துவமனையில் ரூ.20 லட்சத்துக்கு மேல் செலவாவது இயல்பாகிவிட்டது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டிருப்பது பெருமைக்குரியது. ஆனால், அறுவைக் கட்டணம் கணக்கின் முதல் வரி மட்டுமே. நோயாளி, கொடையாளர் என ஒரே வீட்டில் இருவரின் வருமானம் மாதக்கணக்கில் நின்றுபோகிறது. பிறகு ஒவ்வொரு மாதமும் மருந்து, பரிசோதனை, பயணம். பணமில்லாமல் மாத்திரையை நாள்விட்டு நாள் உட்கொள்ளும் நோயாளி, பல லட்சம் செலவில் பெற்ற உறுப்பை இழக்க நேரிடும். அறுவைக்குப் பெருந்தொகை தந்துவிட்டு, மாதாந்திர மருந்துக்குக் கையை விரிப்பது, அணையைக் கட்டிவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விடுவதற்கு ஒப்பானது.

உறுப்பை விற்கவும் வாங்கவும் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தடை விதிக்கிறது. அது சரியே. சந்தையைத் திறந்துவிட்டால் ஏழையின் கல்லீரல் செல்வந்தருக்குப் போகும்; எதிர்த்திசையில் ஒருபோதும் போகாது. சந்தைக்கு வெளியேயும் நல்ல பகிர்வு முறையை வடிவமைக்கலாம் என்பதற்கு 2012-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஆல்வின் ராத்தின் பணியே சான்று. குருதி வகை பொருந்தாத இரு குடும்பங்கள் கொடையாளர்களைப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கு, சிறுநீரகத்தைக் கொண்டு அவர் வழிகாட்டினார். 2011-இல் நம் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் அத்தகைய பரிமாற்றத்துக்கு இடமளிக்கிறது.

எனினும், மூளைச்சாவு அடைந்தோரின் கொடை பெருகுவதே நிலையான தீர்வு. அப்போதுதான் வீட்டிலுள்ள பெண்ணை அறுவை மேசைக்கு அனுப்பும் நெருக்கடி குறையும். 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தது தமிழ்நாட்டின் மனத்தை மாற்றியது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. நன்றி தெரிவிப்பதில் நாம் முன்னோடிகளாக இருக்கிறோம்.

தடுப்பதிலும் அவ்வாறு இருக்க வேண்டாமா? ஹெபடைடிஸ் பி நோய்க்குப் பிறந்தவுடனேயே போடும் தடுப்பூசி உள்ளது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. நீரிழிவும் உடல்பருமனும் கொண்டுவரும் கொழுப்புக் கல்லீரலை, தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உணவாலும் நடைப்பயிற்சியாலும் மீட்கலாம். மஞ்சள் காமாலை என்றதும் நாட்டு மருந்தை நாடி நாள்களைக் கடத்தாமல் குருதிப் பரிசோதனை செய்துகொள்வதும் இதில் அடங்கும். மது குறித்துத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்றுவரும் அரசே, கல்லீரல் மாற்றுக்குக் காப்பீடும் தருகிறது. வரவை ஒரு பேரேட்டிலும் அதன் விளைவான செலவை வேறொரு பேரேட்டிலும் எழுதுவதால் இழப்பு மறைந்துவிடாது.

மாற்றுக் கல்லீரல் பெறுவோரில் ஏறத்தாழ 10-இல் 9 பேர் முதல் ஆண்டைக் கடக்கிறார்கள். பலர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். மருத்துவ அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. நோயாளிக்கு வாழ்நாள் மருந்து, கொடையாளருக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை ஆகிய இரண்டையும் காப்பீட்டுத் திட்டத்தில் முழுமையாகச் சேர்ப்பது அரசின் பங்கு. உறுப்புக் கொடை குறித்த தம் விருப்பத்தைக் குடும்பத்தினரிடம் இன்றே சொல்லிவைப்பது நம் ஒவ்வொருவரின் பங்கு.