ஒரே ‘ஏலே’தான்... அன்பா, அடிதடியா? தீர்மானிப்பது தொனி!

வெளியூரில் வேலை பார்ப்பவர் லீவுக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்குகிறார். பால்ய நண்பன் தோளில் கைபோட்டு, “ஏலே, எப்பம்ல வந்தே?” என்கிறான். பயண அலுப்பு பாதி பறந்துவிடும். அதே ஜங்ஷனில், பைக் லேசாக உரசிய ஆத்திரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் விரலை நீட்டி “ஏலே” என்றால்? கைகலப்பே வந்துவிடும். சொல் ஒன்றுதான். மாறியது குரலும் கையும் கண்ணும்.

மரியாதைச் சொல்லும் இதற்குத் தப்புவதில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் ‘அண்ணாச்சி’ என்பது மதிப்பான அழைப்பு. ஆனால், மீசையைத் தடவிக்கொண்டு “என்ன அண்ணாச்சி, ரொம்பப் பேசுதிய?” என்று இழுத்துக் கேட்டால், அது சண்டைக்கான அழைப்பு.

93 சதவிகிதக் கதை

‘பேச்சில் சொல்லுக்கு 7 சதவிகிதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55’ என்று பலரும் சொல்வார்கள். 1967-ல் வெளியான அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. ஆனால், எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது. விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது வார்த்தை ஒன்றாகவும் தொனி வேறாகவும் இருந்தால், கேட்பவர் எதை நம்புகிறார் என்பதற்கே அந்தக் கணக்கு. “எனக்கொண்ணும் கோவமில்ல” என்று சொல்லிவிட்டுத் தட்டை ‘டங்’கென்று வைத்தால், வீட்டில் யாராவது நம்புவார்களா?

முதல் மூன்று நிமிடம்

ஜான் காட்மேன், சிபில் கேரர் இருவரும் 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆராய்ந்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் யார் பிரியக்கூடும் என்பதற்கான அறிகுறிகள், சண்டையின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்தன. ஆரம்பிக்கும் விதம் அவ்வளவு முக்கியம்.

தணிக்க என்ன செய்யலாம்?

* நீட்டிய விரலை மடக்குங்கள். அரை அடி பின்னால் நகருங்கள்.
* எதிராளி கத்தினால், நீங்கள் வேகத்தைக் குறைத்துப் பேசுங்கள்.
* கண்ணை உருட்டுவது, உதட்டைச் சுழிப்பது வேண்டாம். திட்டைவிட ஏளனம் அதிகம் சுடும்.
* வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். எழுத்தில் தொனி தெரியாது, போனில் பேசுங்கள்.
* கோபம் தலைக்கேறினால் 20 நிமிடம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டு விலகுங்கள்.

குரல் தணிவது தலைகுனிவு அல்ல

ஆனால், எல்லாவற்றையும் தொனி சரிசெய்துவிடாது. சாதியைப் பார்த்து, வயதில் மூத்த உழைப்பாளியை “ஏலே” என்று அழைக்கும் வழக்கத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவமதிப்புதான். அங்கே காயப்பட்டவரிடம் “மெதுவாப் பேசும்” என்று சொல்வது நியாயமும் ஆகாது.

அடுத்த முறை ஒருவரை “ஏலே” என்று கூப்பிடும் முன் இதை மட்டும் யோசியுங்கள். அவரும் தயங்காமல் உங்களைத் திருப்பி “என்னலே?” என்று கேட்க முடியுமா? முடியும் என்றால், அது அன்பு.