உஷார்! காரில் சப்வூஃபர் ஆம்ப் அடிக்கடி கட் ஆகிறதா?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பேஸ் மட்டும் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து தானாகவே வரும். கடையில் காட்டினால், "ஒண்ணுமில்ல சார், ஃபியூஸ் பத்தல. பெருசா ஒண்ணு போட்டுடலாம்" என்பார்கள். அப்படி யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது ரிப்பேர் இல்லை, வண்டிக்குத் தீ வைக்கிற ஏற்பாடு!

சூடு, ஷார்ட், அளவுக்கு மீறிய லோடு, வோல்டேஜ் சரிவு என்று எதைக் கண்டாலும் ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆம்ப்களில் அப்போது 'ப்ரொடெக்ட்' என்ற சிவப்பு விளக்கு எரியும். அது எச்சரிக்கை. அதன் வாயை அடைக்காமல் காரணத்தைத் தேடுங்கள். எப்போது கட் ஆகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆன் செய்ததுமே சிவப்பு விளக்கா? செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயரையும், செட்டிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளையும் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு எரிந்தால் கோளாறு ஆம்புக்குள்ளேயே இருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுங்கள். எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட். சீட்டின் தண்டவாளத்தில் நசுங்கிய ஒயர், தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

பேஸ் பலமாக அடிக்கும்போது கட் ஆகிறதா? மல்டிமீட்டரை ஆம்பின் பவர், எர்த் முனைகளில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸ் அடிக்கும்போது 11-க்குக் கீழே விழுந்தால் ஒயர், எர்த், பேட்டரி மூன்றையும் சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தால் ஓம் கணக்கைப் பாருங்கள். இரண்டு 4 ஓம் சப்வூஃபரை பேரலலாக இணைத்தால் ஆம்புக்குத் தெரிவது 2 ஓம்தான். இரண்டு சேனலை ஒன்றாக்கி 'பிரிட்ஜ்' செய்த பல ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. 4 ஓம் சப்வூஃபரை மீட்டரில் அளந்தால் மூன்றரையை ஒட்டிக் காட்டும். பூஜ்யத்தை நெருங்கினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறது.

அரைமணி நேரம் ஓடிய பிறகா? சூடு. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டோடு ஒட்டி, அல்லது டிக்கியில் பைகளுக்கு நடுவே ஆம்ப் மூச்சுமுட்டிக் கிடக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் சொல்லவே வேண்டாம். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், ஆம்பில் உள்ள கெயினைக் குறையுங்கள். கெயின் வால்யூம் திருகு இல்லை. அதை முழுக்கத் திருகினால் ஒலி சிதையும், சப்வூஃபரின் கம்பிச்சுருளும் கருகும்.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போதா? ஏதோ ஒரு முனை லூஸ். ஆம்பின் பவர் விளக்கே மொத்தமாக அணைந்தால் பவர், எர்த் இவற்றோடு, ஆம்பை ஆன் செய்ய செட்டிலிருந்து வரும் ரிமோட் ஒயரையும் பாருங்கள்.

இதில் அதிகம் ஏமாற்றுவது எர்த்தான். பெயின்ட்டைச் சுரண்டாமலே, கண்ணில் பட்ட போல்ட்டில் மாட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 30 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே காலி. ஆம்ப் கட் ஆகாமல் என்ன செய்யும்? அதோடு அந்த ஒரு போல்ட்டில் 90 வாட் சூடு கிளம்பும். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட்! இத்தனை சூடும் கார்ப்பெட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, லக் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. எர்த் ஒயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும்.

அடுத்தது ஒயர். மலிவு கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனுள்ள செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்ட் தாங்கும். நுனியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பெட்டியில் '4000 வாட்' என்று அச்சடித்திருப்பதையும் நம்பாதீர்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள ஆம்ப், 14 வோல்ட்டில் தொடர்ந்து இழுப்பதே 420 வாட்தான். தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள்.

இப்போது ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்து ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 30 போட வேண்டிய இடத்தில் 80 போட்டாலும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினாலும், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த ஒயரில் எப்போதும் கரண்ட் உண்டு. சாவியை எடுத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குள் போன பிறகும் அது தீப்பிடிக்கலாம்.

இன்றைக்கே பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இல்லை, அல்லது கம்பி சுற்றியிருக்கிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓட்டும்போது ரப்பர் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, முதலில் எல்லோரும் இறங்கிவிடுங்கள். பேஸ் இல்லாமல் நாலு நாள் பாட்டு கேட்கலாம், தப்பில்லை!